சாந்தாவுக்கு ஒரு டோப்பா

மதுரை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, மூன்றடி நீளக் கருங்கூந்தல் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது யாருக்கும்மா?" என்று கேட்டார். விமானத்தில் கொடுத்த காய்ந்த ரொட்டி என் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. பொய் சொல்லத் தெம்பில்லை. "பேய்க்கு" என்றேன்.

அடுத்து புகை விடும் இயந்திரத்தைத் தொட்டார். "இது?"

"அதுவும் பேய்க்குத்தான்."

அவர் இரண்டையும் பத்திரமாக உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, "பாத்துப் போயிட்டு வாங்கம்மா" என்றார். சிங்கப்பூரில் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் ஓர் அறையில் உட்கார வைத்து நாலு படிவம் நிரப்பச் சொல்லியிருப்பார்கள். இந்தப் பக்கத்தில் பேய் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைதான் நாலாம் நாள் என் காலை வாரிவிட்டது.

பேய் என்பது என் தங்கை கஸ்தூரி. வயது ஐம்பத்திரண்டு. திண்டுக்கல்லில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பதை ஊரும் விட்டுவிட்டது, நாங்களும் விட்டுவிட்டோம். முப்பது வருடமாக ஒரு பேய்ப்படம் விடாமல் பார்த்தவள், பார்த்த அத்தனையையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டி, பதினோரு பாட்டோடு ஒரு நாடகம் எழுதியிருந்தாள். பெயர் 'கிணத்துக்குள்ள சாந்தா'. கல்யாணமாகாமல் கிணற்றில் விழுந்து செத்தவள்தான் பேய். பாழும் பங்களா, தானாகத் திறக்கும் கதவு, வெள்ளைச் சேலை, தலை திருப்பும் பொம்மை, எலுமிச்சம்பழம், மந்திரவாதி, எதுவும் பாக்கியில்லை. முழுக்க முழுக்கச் சிரிப்பு நாடகம் என்பது அவள் கட்சி. இங்கே கிடைக்கிற டோப்பாவெல்லாம் தேங்காய் நார் என்று போனில் புலம்பியதால் நான் வாங்கிவந்தேன்.

அது வெளிக்காரணம். உள்காரணம் வேறு. என் கணவர் போய் ஒரு வருடமாகிறது. மகள் ஆஸ்திரேலியாவில். சிங்கப்பூரில் பன்னிரண்டாம் மாடியில் நானும் டிவியும் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கஸ்தூரியைக் கையோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்றுதான் வந்தேன். எப்போதோ அவள் அனுப்பிய பாஸ்போர்ட் நகலை வைத்து விசாவும் தயார், விமானத்தில் என் பக்கத்து இருக்கையும் தயார். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

முதல் நாள் மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி வாங்கி வைத்திருந்தாள். சிங்கப்பூரில் பிரியாணிக்கு ஊறுகாய் கொடுப்பார்கள். இங்கே அதைக் கேட்டால் அடிப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவும் முன்பே பேச்சை ஆரம்பித்துவிட்டேன்.

"எங்கூட வந்துடு கஸ்தூரி. இங்க தனியா என்ன பண்ணப்போற?"

"நான் தனியாவா இருக்கேன்? நாடகக் கோஷ்டில ஒம்பது பேரு இருக்கோம்க்கா. இந்த வாரம் மூணு ஊரு ஆட்டம் இருக்கு."

"இதுவரைக்கும் யாராவது சிரிச்சாங்களா?"

அவள் எலும்பை ஓரமாக வைத்தாள். ஒத்திகைக்கு வந்த இருபது பேரும் திருதிருவென்று முழித்துவிட்டுப் போன கதையை அவளேதான் எனக்கு எழுதியிருந்தாள். தட்டை நகர்த்தியவள், "சரி, பந்தயம் கட்டுவோம்" என்றாள். "மூணு ஆட்டத்துல ஒரு ஆட்டத்துலயாச்சும், நான் சிரிக்க வைக்கிற இடத்துல கூட்டம் மொத்தமும் சிரிக்கணும். சிரிக்கலேன்னா பெட்டியைக் கட்டிட்டு வாரேன்."

"மொத்தமும்னா? ஒருத்தர் விடாம?"

"ஒருத்தர் விடாம."

இந்த 'ஒருத்தர் விடாம'வைச் சேர்த்தது நான்தான். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் திண்டுக்கல் ஆட்டம், ஒரு கல்யாண மண்டபத்தில். டவுன் கூட்டம். வரும்போதே ஆளுக்கொரு பொட்டலம் சுண்டலோடு வந்தார்கள். விளக்கு அணைந்ததும் இருநூறு செல்போன்கள் எரிந்தன. சாந்தா புகைக்குள்ளிருந்து வர வேண்டும். என் இயந்திரத்தை முடுக்கினார்கள். சிங்கப்பூர்ச் சரக்கு, சும்மா சொல்லக்கூடாது, அரை நிமிடத்தில் மேடையே மறைந்துவிட்டது. "கரண்ட் தீப்பிடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே மண்டபத்துக் காவலாளி நனைந்த சாக்கோடு ஓடிவந்து, புகையில் முதலில் அகப்பட்ட உருவத்தின் மேல் போட்டு அமுக்கினார். அது கஸ்தூரி. சாக்குக்குள்ளிருந்தே அவள் முதல் பாட்டைப் பாடினாள்.

"வெள்ளைச் சேலை துவைக்க ஒரு வாஷிங் மெஷின் இல்லையே, செத்தவளைச் சேர்க்க எந்த ரேஷன் கார்டும் இல்லையே" என்று போகும் அந்தப் பாட்டு. எனக்கே உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. கூட்டமோ வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தால் பதிவில் சத்தம் விழுமாம். என் முன்வரிசையில் ஒருவர் சுண்டல் மென்ற தன் பெண்டாட்டியையே "சத்தம் போடாதடி" என்று அதட்டினார். ஆனால் சாந்தா கிணற்றில் விழும் இடம், நாடகத்திலேயே கஸ்தூரி உருக்கமாக எழுதிய ஒரே இடம், அங்கே மண்டபம் அதிரச் சிரித்தார்கள்.

"சிரிச்சாங்கல்ல?" என்றேன் ஆட்டோவில், பெரிய மனசோடு.

"அது நான் அழ வைக்கிற இடம்" என்றாள் கஸ்தூரி. சாக்குத் தண்ணீர் அவள் டோப்பாவிலிருந்து என் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனசுக்குள் 'ஒன்று' என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆத்தூர். அணைப்பக்கம் இருந்து வந்த காற்றில் பங்களாவின் அட்டைச் சுவர் இரண்டு முறை படுத்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாடு ஒரு விவசாயி வீட்டில். இலையில் பொரியல், கூட்டு, துவையல் என்று மூன்று வெஞ்சனம் வைத்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேன்னு நெனைக்காதீங்க" என்று அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார். சிங்கப்பூரில் மூன்று வெஞ்சனம் வேண்டுமென்றால் மூன்று கடை ஏறி இறங்க வேண்டும்.

ஆத்தூர்க் கூட்டம் பேய்ப்படத்தில் கரை கண்டது. அவர்கள் நாடகம் பார்க்கவில்லை, நடத்தினார்கள். பங்களாவுக்கு வாடகைக்கு வந்தவர் கதவில் கை வைத்ததும், "ஏலே, தொறக்காத! தொறந்தா செத்த!" என்று நாலு திசையிலிருந்தும் குரல். அவர் பயந்துபோய் உண்மையாகவே திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் கஸ்தூரி ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து வந்தாள். "ஏன்த்தா, வாசல் இருக்கைல ஜன்னல் எதுக்கு? விழுந்து கிழுந்து வைக்கப்போற" என்று ஒருவர் பேயைக் கண்டித்தார்.

ஐந்தாம் பாட்டில் ஊருக்கே கரண்ட் போனது. மேடையிலும் இருட்டு, தெருவிலும் இருட்டு. அதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் கால்மணி நேரம் கைதட்டினார்கள். விளக்கு வந்ததும் தட்டுவதை நிறுத்தினார்கள். ஆட்டம் முடிந்து போகும்போது ஒரு பெரியவர் கஸ்தூரியைத் தேடிவந்து, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா. ஆனா அந்த இருட்டு சீன் அளவுக்கு மத்தது வரலை" என்றார்.

கடைசிவரை ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு. அன்றைக்கு நான் மகளுக்குப் போன் போட்டு, சித்திக்கு ஒரு நல்ல மெத்தைக்கு ஆன்லைனில் சொல்லிவிடச் சொன்னேன்.

நாலாம் நாள் கீரனூர். மூன்று மணிக்கே ஆட்டம். மேக்கப் போடவே இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வீட்டிலேயே பேயாகித்தான் வேனில் ஏறினாள் கஸ்தூரி. முகத்தில் வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கருப்பு, உதட்டோரம் ரத்தம், தலையில் என் டோப்பா. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வேன் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டது. மேடைச் சாமானோடு மற்றவர்கள் முன்னாலேயே வேறு வண்டியில் போய்விட்டார்கள், மிஞ்சியது நாங்கள் மூன்று பேர்தான். வழியில்லாமல் டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினோம்.

முதலில் பேய் ஏறியது. கண்டக்டர் ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "லேடீஸ் ஃப்ரீங்க" என்று இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று. மந்திரவாதி வேடம் போடும் துரைராஜ், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், கையில் மண்டையோட்டோடு நின்றார். அவரிடம் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பெண்ணென்றால் செத்தும் சலுகை உண்டு.

உட்கார்ந்தவுடனேயே, முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற ஓர் அம்மாள், "செத்த புடிங்க கண்ணு" என்று கட்டைக் கஸ்தூரி மடியில் வைத்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "எந்த ஊருங்க?"

"கிணத்துக்குள்ளங்க" என்றாள் கஸ்தூரி.

"அட, அங்கயாவது தண்ணி கெடக்குதுங்களா?" என்று விசாரித்தாள் அந்த அம்மாள், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொப்பம்பட்டிக்காரியாம். இறங்கும்போது பேய்க்கு நாலு முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனாள்.

கீரனூரில் முந்நூறு பேர் இருப்பார்கள். பாய் விரித்து, கோயிலில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்கள். செல்போன் இல்லை, சுண்டல் இல்லை, கூச்சல் இல்லை. நான் பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தேன். ரேஷன் கார்டுப் பாட்டு வந்தது. என் பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவமுங்க, செத்த கையோட பேர எடுத்துப்போட்டாங்களாட்ட இருக்குது" என்று அடுத்தவளிடம் சொன்னாள். அடுத்தவள், "எங்க மாமியாருக்கும் இப்படித்தான் பண்ணாங்க" என்று மூக்கை உறிஞ்சினாள். பாட்டுக்குப் பாட்டு கஸ்தூரி மேடையில் உருண்டாள், புரண்டாள், கண்ணை மாறுகண்ணாக வைத்துக்கொண்டாள். பாட்டுக்குப் பாட்டு இவர்கள் அழுதார்கள். பத்துப் பாட்டு முடிந்தது. எனக்கு வெற்றி கண்முன் தெரிந்தது. அவள் குரல் கம்மிப்போனதும் தெரிந்தது.

பதினோராம் பாட்டு 'ஆணிப் பாட்டு'. மந்திரவாதி சாந்தாவின் கூந்தலைப் பிடித்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்து, பேயைக் கட்டிப்போடுவதோடு நாடகம் முடிகிறது. துரைராஜ் சுத்தியலை ஓங்கினார்.

"நிறுத்துங்க!"

எழுந்து நின்றவள் சரோஜா, அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி. நாடகத்தை ஏற்பாடு செய்தவளே அவள்தான். விறுவிறுவென்று மேடையேறினாள். "ஏனுங்க, கல்யாணமாகாத புள்ளைய மரத்துல வெச்சு ஆணி அடிப்பீங்களா? எந்த ஊரு மொறைங்க இது?"

"அம்மா, இது நாடகம்மா" என்றார் துரைராஜ், சுத்தியலை இறக்காமல்.

"நாடகம்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? நாடகம்னா மொறை கெட்டு நடக்கலாமுங்களா?"

கீழே இருந்த முந்நூறு தலையும் ஆடியது. கன்னியாகச் செத்தவளை விரட்டக்கூடாது. சேலை, வளையல், பூ வைத்துக் கும்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதைக் குறையில்லாமல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவள் மனசு குளிர்ந்து தானாகப் போவாள். இது அவர்கள் வழக்கம். நாடகத்துச் சாந்தா என்பதற்காக ஒரு படி குறைக்க அவர்கள் தயாராக இல்லை.

பத்து நிமிடத்தில் ஒரு தாம்பாளம் வந்தது. விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத அரக்குச் சேலை, கண்ணாடி வளையல், பவுடர் டப்பா, சீப்பு, இரண்டு முழம் மல்லிகை. சரோஜா அந்தச் சேலையைக் கஸ்தூரி தோளில் போர்த்தினாள். டோப்பாவில் பூ வைத்தாள். வளையல் சின்னது, மணிக்கட்டுக்கு ஏறாமல் விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. "பரவால்ல கண்ணு, இருக்கட்டும்" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். என் தங்கைக்கு ஒரு கல்யாணச் சேலை எடுத்துக் கொடுக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. முன்பின் தெரியாத கீரனூர்க்காரிகள், அதுவும் அவள் செத்துப்போனாள் என்று வைத்துக்கொண்டு, எடுத்துப் போர்த்தினார்கள். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்றுகூடத் தெரியவில்லை.

"சாந்தா, என்ன வேணும் சொல்லு. ஊரே கேட்குது" என்றாள் சரோஜா, மைக்கில்.

நாடகத்தில் இதற்கு வசனம் கிடையாது. கஸ்தூரி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, பேய்க்குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"சிரிக்கணும். நீங்க எல்லாரும். ஒருத்தர் விடாம."

சரோஜா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்லங்க? சிரிங்க."

முந்நூறு பேர், சாமிக்கு நேர்ந்ததைச் செலுத்தும் முகத்தோடு, "ஹா ஹா ஹா" என்றார்கள். "எவ்வளவு நேரமுங்க சிரிக்கோணும்?" என்று ஒருவர் கேட்டார். "அவ போதும்ங்கற வரைக்கும்." மறுபடி "ஹா ஹா ஹா". பெரிய மீசை வைத்த ஒருவர் வாயிலிருந்து சிரிப்பு, கதவுக்கீல் கிறீச்சிடுவதுபோல வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது தாங்கவில்லை. அங்கே சிரிப்பு பற்றிக்கொண்டது. துரைராஜ் அதைப் பார்த்துச் சிரித்துச் சுத்தியலைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு "ஆத்தாடி!" என்று குதித்தார். அதோடு கூட்டம் மொத்தமும் சிரிப்பில் விழுந்துவிட்டது. வயிற்றைப் பிடித்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், அழுதுகொண்டிருந்தவளே இப்போது என் தொடையில் அடித்துச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் குறைந்தால் போதும், பந்தயம் எனக்கு. மெத்தைக்குச் சொல்லியாயிற்று.

வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பவள்போல வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த சரோஜாவின் கண் என்மேல் நின்றது. "ஏனுங்கக்கா, நீங்க சிரிக்கலீங்களா?"

"நான் வெளியூரு."

"வெளியூருன்னாலும் கூட்டத்துலதானுங்க உக்காந்திருக்கறீங்க. ஒரு ஆளு பாக்கி வெச்சாலும் அவ போகமாட்டாளுங்க. எங்களுக்கும் மாடு கறக்கோணும்."

முந்நூறு முகமும் என் பக்கம் திரும்பியது. சிரிப்பு அடங்கியது. மேடையில் கஸ்தூரி, டோப்பா ஒரு பக்கம் சரிந்து, கண்மை வழிந்து, விரல் முட்டியில் மாட்டிய வளையலோடு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தால் அவள் திண்டுக்கல்லில் இருப்பாள், மூடினால் என் வீட்டில் இருப்பாள். அவளுக்கும் அது தெரியும்.

"அவங்கள விட்டுடுங்க" என்றாள் கஸ்தூரி. "அவங்க சிரிச்சு ஒரு வருஷமாச்சு."

சரோஜா இடுப்பில் கை வைத்தாள். "அட! அப்பப் பேய் அவங்களைத்தானுங்களே புடிச்சிருக்குது. ஏனுங்க மந்திரவாதி, அந்தச் சுத்தியல இங்க கொண்டாங்க!"

துரைராஜ், மனுஷன், நொண்டிக்கொண்டே சுத்தியலோடு என்னை நோக்கி இறங்கி வந்துவிட்டார்.

நான் சிரித்தேன். அடக்கி வைத்த ஒரு வருடத்துச் சிரிப்பு, மூக்கு வழியாகவும் வந்தது. நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்து எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "போயிருச்சு, போயிருச்சு" என்றாள். மேடையில் சாந்தா கும்பிட்டுவிட்டுப் போனாள். ஜனங்கள் திருப்தியாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடு கறக்கக் கிளம்பினார்கள்.

மேடைக்குப் பின்னால் கஸ்தூரி தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து வெள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நாயமாப் பார்த்தா நான் தோத்துட்டேன். அது நான் எழுதின இடமில்ல. சரோஜா சிரிக்க வெச்ச இடம்" என்றாள். "நீ சொல்லு. வாரேன் உங்கூட."

'வா' என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. "எழுதின இடமா எழுதாத இடமான்னு யாரு கண்டா? சிரிக்கச் சொல்லிக் கேட்ட பேயி நீதானே" என்றேன். "போய் மூஞ்சியைக் கழுவு, பாக்கச் சகிக்கலை." அவள் எண்ணெய் முகத்தோடு என்னைக் கட்டிக்கொண்டாள். என் நல்ல ஜாக்கெட் பாழானது.

ஊருக்குத் திரும்பும் நாள், அந்த அரக்குச் சேலையை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். டோப்பாவை அவளிடமே விட்டுவிட்டேன். விமானத்தில் ஜன்னல் பக்கம் நான், பக்கத்து இருக்கையில் சேலைப் பை. கதவை மூடும் முன் பணிப்பெண் வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, "உங்க பக்கத்துல ஒருத்தர் வரணுமே மேடம்?" என்று கேட்டாள்.

"வரலைம்மா" என்றேன். "அவளுக்கு அடுத்த வாரம் தொப்பம்பட்டியில ஆட்டம் இருக்கு."